கொன்வலேஸ்கெரெ: உடம்பு தேறும், ஒப்பந்தம் தேறுமா?

கேள்வி: சட்ட மாணவன், டர்பன்

வணக்கம். எங்கள் தென்னாப்பிரிக்கச் சட்டத்துக்கு அடிப்படையான ரோமன்-டச்சுச் சட்டப் பாடத்தில் ஒரு லத்தீன் விதி வந்தது: ‘குவோட் இனிட்டியோ விட்டியோஸும் எஸ்ட், நோன் பொட்டெஸ்ட் ட்ராக்டு டெம்போரிஸ் கொன்வலேஸ்கெரெ.’ தொடக்கத்திலேயே பழுதானது காலம் போகப்போகச் செல்லுபடியாகிவிடாது என்று விரிவுரையாளர் பொருள் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தால் கடைசிச் சொல்லுக்கு ‘நோயிலிருந்து மீள்தல்’ என்று இருக்கிறது. ஒப்பந்தத்துக்கு எப்போது காய்ச்சல் வந்தது? ‘குணப்படுத்து’ என்பதற்கு சானாரெ என்று வேறொரு வினையும் இருக்கிறதே, இரண்டுக்கும் என்ன வேறுபாடு? எங்கள் ஆயா இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறார். அவரை வைத்து ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினால் மனதில் நிற்கும்.

பதில்: ஓய்வுபெற்ற நர்ஸ், சாட்ஸ்வொர்த்

சட்டம் எனக்குத் தெரியாது தம்பி, வார்டு தெரியும். டாக்டர் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் உங்கள் லத்தீன் வினைக்கு வேலை வருகிறது. காய்ச்சல் விட்டிருக்கும், தையல் பிரித்திருப்பார்கள், ஆனால் குளியலறை வரை நடந்தாலே மூச்சு வாங்கும். மிளகு ரசமும் குழைந்த சோறும் தவிர ஒன்றும் இறங்காது. அந்த நாட்களைத்தான் நாம் ‘உடம்பு தேறுகிறது’ என்கிறோம். ஆயாவைத் தினமும் கொஞ்சம் நடக்க வையுங்கள். உட்கார்ந்தே இருக்க விட்டுவிடாதீர்கள்.

பதில்: பழைய வக்கீல், வெருலம்

தம்பி, எங்கள் காலத்தில் இங்கே அட்வகேட் ஆவதற்கு லத்தீனில் தேறியே ஆக வேண்டும். 1990களின் நடுவில்தான் அந்தக் கட்டாயம் ஒழிந்தது. ஒழிந்தது நல்லதுதான். எங்கள் பள்ளியில் லத்தீன் வாத்தியாரே கிடையாது, அஞ்சல் வழியில் மல்லுக்கட்டிப் படித்தேன். ஆனாலும் இந்த மாதிரிக் கேள்வி வரும்போது பட்ட பாடு வீண் போகவில்லை என்று தோன்றுகிறது.

அடிச்சொல் வலேரெ. வலுவாக இருத்தல், நலமாக இருத்தல் என்று பொருள். ரோமானியர் கடிதம் தொடங்கும்போது ‘ஸி வலேஸ், பெனெ எஸ்ட், எகோ வலெயோ’ என்பார்கள். நம் பெரியவர்கள் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதியதும் இதுவும் ஒரே ஜாதி. இந்த வினையோடு ‘ஸ்கோ’ ஒட்டினால் அந்த நிலை மெல்ல வருவதைக் குறிக்கும். ருபேஸ்கோ என்றால் சிவந்துவருகிறேன், செனெஸ்கோ என்றால் கிழவனாகிவருகிறேன் (என்னைப் பற்றித்தான்). அப்படித்தான் கொன்வலேஸ்கோவும்: வலு கூடிவருகிறேன். நடந்து முடிந்ததும் ‘ஸ்கோ’வுக்கு வேலையில்லை, உதிர்ந்துவிடும். ‘கொன்வலுயி’ என்றால் தேறிவிட்டேன்.

இந்த வினைக்குச் செயப்படுபொருள் கிடையாது, அதுதான் முக்கியம். மருத்துவர் நோயாளியைக் கொன்வலேஸ்கெரெ செய்ய முடியாது. ‘ஐ’ உருபு வேண்டுமென்றால் சானாரெ. மெடெரி என்று இன்னொன்று இருக்கிறது, அது நான்காம் வேற்றுமை கேட்கும், நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பது போல. கொன்வலேஸ்கெரெ உள்ளிருந்து தானாக நடப்பது. ‘நோயிலிருந்து’ என்று சொல்ல ‘எக்ஸ் மோர்போ’ சேர்த்தால் போதும். உங்கள் வாக்கியம்: ‘அவியா எக்ஸ் மோர்போ கொன்வலேஸ்கிட்.’ லத்தீனில் பாட்டிக்கு அவியா என்றுதான் பெயர், ஆயாவுக்குப் பிடிக்கும். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு என்பதால் மோர்போவை விட்டுவிட்டு ‘அவியா கொன்வலேஸ்கிட்’ என்றாலே சரி.

இனி ஒப்பந்தம். அந்த விதி 3ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வாழ்ந்த பவுலுஸ் என்ற சட்ட அறிஞருடையது. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட டைஜெஸ்ட் என்ற சட்டத் தொகுப்பில் 50ஆம் புத்தகம், 17ஆம் தலைப்பு, 29ஆம் துண்டு. செல்லாத ஆவணத்தை நோயாளி உடம்பாகப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். நம் கோர்ட் வராந்தாவிலும் ‘இந்தக் கேஸ் தேறாது’ என்று சொல்வதில்லையா? தமிழில் எழுதுவதாக இருந்தால் ‘தேறு’ என்றே எழுதுங்கள், ‘குணப்படுத்து’ வேண்டாம். யாரோ ஒருவர் வந்து சரிசெய்வதைப் பற்றி பவுலுஸ் பேசவில்லை. சும்மா கிடந்தால் தானாகத் தேறுமா என்பதுதான் அவர் கேள்வி. ‘ட்ராக்டு டெம்போரிஸ்’, அதாவது நாள் கடப்பதால் மட்டும் தேறாது என்பது பதில்.

வேறு காரணத்தால் தேறுவது உண்டு. ரோமில் கணவன் மனைவிக்குள் நன்கொடை செல்லாது. 206இல் வந்த செனட் தீர்மானத்துக்குப் பிறகு, கொடுத்தவர் திரும்பப் பெறாமலே இறந்தால் அது செல்லுபடியாகும் என்றானது. அந்தத் தடை நம் நாட்டிலும் நீடித்தது. 1984ஆம் ஆண்டின் திருமணச் சொத்துச் சட்டம்தான், 22ஆம் பிரிவில், அதை எடுத்தது.

சட்ட மாணவன்

மிக்க நன்றி அங்கிள். ஆயாவிடம் வாசித்துக் காட்டினேன், சிரித்தார். இன்னொரு சந்தேகம். பெரியப்பா டோங்காட்டில் ஒருவரிடம் வாய்ப்பேச்சாக நிலம் வாங்கி வெகுகாலமாக வீடு கட்டிக் குடியிருக்கிறார். காசு முழுக்கக் கொடுத்தாயிற்று. அது தேறுமா?

பழைய வக்கீல், வெருலம்

பாடம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டதா, சரி. 1981ஆம் ஆண்டின் 68ஆம் எண் நில விற்பனைச் சட்டம், பிரிவு 2(1): எழுத்தும் கையெழுத்தும் இல்லாத நில விற்பனை செல்லாது. ஆனால் அதே சட்டத்தின் 28(2) ஒரு வழி விடுகிறது. வாங்கியவர் தன் பக்கத்தை முழுவதும் நிறைவேற்றி, நிலமும் அவர் பெயருக்கு மாறியிருந்தால், தொடக்கத்திலிருந்தே செல்லுபடியானதாகக் கொள்ளப்படும். இரண்டும் வேண்டும். பெயர் மாற்றம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பதிவகத்தில் நடந்திருக்கிறதா?

சட்ட மாணவன்

இல்லையாம். பழையவர் பெயரில்தான் இருக்கிறதாம். அப்படியானால் 30 ஆண்டு அனுபவ பாத்தியதை?

பழைய வக்கீல், வெருலம்

அது வேறு கதை, இரண்டையும் குழப்பாதீர்கள். 1969ஆம் ஆண்டின் 68ஆம் எண் காலாவதிச் சட்டப்படி, உரிமையாளர் போலவே 30 ஆண்டு வெளிப்படையாக வைத்திருந்தால் நிலம் சொந்தமாகும். அப்போதும் பழைய விற்பனை தேறவில்லை. அது செத்தது செத்ததுதான், பக்கத்தில் புதிதாக ஓர் உரிமை முளைத்திருக்கிறது. பரீட்சையில் இந்த வேறுபாட்டை எழுதினால் மார்க் உண்டு.

பெரியப்பா விஷயத்தில் எந்த ஆண்டு குடிபோனார் என்பதுதான் எல்லாம். ரேட்ஸ் (நகராட்சி வீட்டு வரி) கட்டிய ரசீதுகள், வீட்டுக்கு முதன்முதலில் கரண்ட் இழுத்த பில், வேலி போட்டதைப் பார்த்த அக்கம்பக்கத்தார் பெயர்கள், எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு நிலப் பத்திர வேலை தெரிந்த வக்கீலிடம் போகச் சொல்லுங்கள். விற்றவர் உயிரோடு இருந்தால் அதற்கும் முன்னால் அவரைப் போய்ப் பாருங்கள். அவர் எழுதிக் கொடுத்துப் பெயர் மாற்ற ஒப்புக்கொண்டால் கோர்ட்டுக்கே போக வேண்டியதில்லை.