புதுப்பிப்பு: சேற்றங்கரையில் கண்டது பொரி உள்ளான்

இலையுதிர்கால வலசை தொடங்கியதும் சேற்றங்கரையில் கண்ட கரைப்பறவையைச் சாதாரண உள்ளான் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன், அது தவறு. இன்று காலை அது எழுந்து பறந்தபோது, இறக்கையில் வெண்பட்டை இல்லாததையும் பிட்டம் பளிச்சென்று வெண்மையாக இருந்ததையும் தெளிவாகப் பார்த்தேன். முதுகின் வெளிர்புள்ளிகளும் கண்ணைத் தாண்டி நீளும் வெண்புருவமும் சேர்ந்து, அது பொரி உள்ளான் என்பதை உறுதிசெய்தன. சாதாரண உள்ளானாக இருந்திருந்தால், வயிற்றிலிருந்து தோளருகே மேலேறும் வெண்மையும், விறைத்த இறக்கைகளைப் படபடத்து நீர்மட்டத்தை ஒட்டிப் பறக்கும் இயல்பும் தெரிந்திருக்கும்.

கரைப்பறவைகள் பலவற்றில் முதிர்ந்தவை வலசைக்கு முன்னே கிளம்ப, அவ்வாண்டுக் குஞ்சுகள் பெற்றோரின் வழிகாட்டலின்றிப் பின்னரே வருகின்றன என்பது எனக்கு இன்றும் வியப்புதான். இறகோரங்கள் தேயாமல் புதிதாக இருந்த இதுவும் இளம்பறவையாக இருக்கலாம் என்று கருதுகிறேன். தகைவிலான் என்னும் சிறு பறவைகளும் சென்ற வாரத்தைவிட எண்ணிக்கையில் கூடியிருக்கின்றன.