பியூனஸ் அயர்ஸ்ல ஒன்றரை நாள், நடந்தே பாக்கணும். எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

வியாசர்பாடி_வலதுவிங்:

எல்லாருக்கும் வணக்கம். கம்பெனி வேலையா அடுத்த மாசம் அர்ஜென்டினாவுல இருக்கிற பியூனஸ் அயர்ஸ் போறேன். மீட்டிங்கெல்லாம் போக மிஞ்சுறது வியாழக்கிழமை மத்தியானமும் ஞாயித்துக்கிழமை முழுசும்தான். முல்லை நகர் கிரவுண்டுல வெறுங்கால்ல ஆடி வளந்தவன் நான். எங்க வூட்டு பீரோவுல ஒட்டுன மரடோனா படம் இன்னும் இருக்கு. அதனால அவரு ஆடுன கிளப்பு போக்கா ஜூனியர்ஸோட ஸ்டேடியத்த பாக்காம திரும்ப மாட்டேன். மத்தபடி அந்த ஊரப் பத்தி ஒண்ணும் தெரியாது. டாக்ஸின்னா பயம், நடக்க பயமில்ல. மேப்புல ஊரு நடுவுலேருந்து ஸ்டேடியம் நாலு கிலோமீட்டர்தான் காட்டுது. நேரா நடந்துடலாம்ல? போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

பெரம்பூர்_லோகோ:

மச்சி, மஞ்ச-நீல ஜெர்சி ஒண்ணு, எக்ஸ்எல். வேற அட்வைஸ் எதுவும் எங்கிட்ட இல்ல.

ராயபுரம்_மோட்டார்மேன்:

தம்பி, கப்பல் எஞ்சின் ரூம்ல 19 வருஷம் எண்ண துடைச்சவன் நான். அந்த ஊர்ல எறங்கி சுத்துனது நாலு தடவ. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்த நாலு கிலோமீட்டர நடக்காத. சான் டெல்மோன்னு ஒரு பேட்டை, அது வரைக்கும் நட, அப்பால 29ம் நம்பர் பஸ்ஸ புடி. நம்ம பெரம்பூர் 29சி ஞாபகம் இருந்தா அதுவும் மறக்காது. சூபேன்னு ஒரு கார்டு வாங்கி வச்சிக்க, பஸ்ஸு, மெட்ரோ ரெண்டுக்கும் அதான்.

வியாழக்கிழமை மத்தியானம் இருக்குன்னு சொன்னியே, அது உன் அதிர்ஷ்டம். மூன்றரை மணிக்கு பிளாசா டி மாயோ சதுக்கத்துல நில்லு. 1976லேருந்து 1983 வரைக்கும் அங்க ராணுவ ஆட்சி. ஆயிரக்கணக்குல புள்ளைங்கள தூக்கிக்கினு போனாங்க, பொணம் கூட திரும்பல. 1977 ஏப்ரல்ல 14 அம்மாங்க புள்ளைய கேட்டு அந்த சதுக்கத்துல வந்து நின்னாங்க. போலீஸு, கூட்டமா நிக்கக்கூடாது, நடங்கன்னு வெரட்டிச்சி. சரின்னு நடுவுல இருக்கிற தூண சுத்தி நடந்தாங்க. இன்னிக்கும் வியாழனுக்கு வியாழன் நடக்கறாங்க. தலையில வெள்ளத் துணி கட்டியிருப்பாங்க, கொழந்தைக்கு கட்டுற துணியில ஆரம்பிச்சது அது. தரையிலயும் அந்த முக்காட வரைஞ்சி வச்சிருக்காங்க. நான் பாத்தப்ப ஒரு பாட்டிய வீல்சேர்ல தள்ளிக்கினு சுத்துனாங்க. எங்க ஆயா ஞாபகம் வந்து ஓரமா குந்திட்டேன்.

எதிர்லயே ரோஸ் கலர்ல காசா ரொசாடா, ஜனாதிபதி மாளிகை. அந்த பால்கனிய நல்லா பாத்துக்க. 1986ல உலகக் கோப்பைய ஜெயிச்சிட்டு வந்து உங்க ஆளு மரடோனா அங்க நின்னுதான் ஜனங்களுக்கு தூக்கிக் காட்டுனாரு.

ஞாயித்துக்கிழமை காலைல அதே சதுக்கத்துலேருந்து டெஃபென்சா தெருவ புடிச்சி தெற்கால நட. தெரு பூரா சந்தை. பழைய பூட்டு, சோடா பாட்டில், கிராமபோனுன்னு நம்ம மூர் மார்க்கெட் எரியறதுக்கு முன்னாடி இருந்தாப்புல இருக்கும். அதான் சான் டெல்மோ. பெரிய பெரிய வூடா இருக்கும், ஆனா 1871ல மஞ்சள் காய்ச்சல் வந்து ஊர்ல 13,000 பேருக்கு மேல செத்துட்டாங்க. பணக்காரன் எல்லாம் வடக்கால ஓடிட்டான். வுட்டுட்டுப் போன பங்களாவ ரூம் ரூமா பிரிச்சி, கப்பல்ல வந்து எறங்குன இத்தாலிக்காரனுக்கும் ஸ்பெயின்காரனுக்கும் வாடகைக்கு வுட்டாங்க. நம்ம ஒண்டுக்குடித்தனம் தான், ஒரு கொழா, ஒரு கக்கூஸு.

அந்த சந்தையில உஷாரு. என் தோள் மேல மஞ்சளா எதுவோ வுழுந்துச்சி. நல்லா டிரெஸ் பண்ண ஒரு அம்மா டிஷ்யூ எடுத்துக்கினு தொடைக்க வந்துச்சி. பாரிமுனைல பத்து ரூபாய கீழ போட்டு "சார், உங்க துட்டா?"ம்பான் பாரு, அதே வித்த. அங்க கடுகு சாஸு. ராயபுரத்தான் நானு, எனக்கே பர்ஸு போச்சி. மேல எதுனா வுழுந்தா தொடைக்காம நடந்துக்கினே இரு.

அப்பால லா போக்கா. ரியாச்சுவேலோ ஆத்து வாய்ல, பழைய துறைமுகத்துல இருக்கு. கேப்டன் காட்டன் கால்வாய் பக்கம் வளந்தவனுக்கு அந்த நாத்தம் புதுசா இருக்காது. வூடெல்லாம் பலகையும் தகரமும். ஜெனோவாலேருந்து வந்த துறைமுகத் தொழிலாளிங்க, கப்பலுக்கு அடிச்சி மிஞ்சுன பெயிண்ட்ட கொண்டாந்து பூசுனாங்க. ஒரு கலரு பத்தாது, அதனால செவுரு பச்ச, ஜன்னல் மஞ்ச. (எங்க வூட்டு வாசக்கதவும் டெக்கு பச்சதான். எப்படி வந்துச்சின்னு கேக்காத.)

எல்லாரும் போட்டோ எடுக்கற கமினிதோ தெரு ஒரு காலத்துல ரயிலு ஓடாம கெடந்த தண்டவாளம். கின்கெலா மார்ட்டின்னு ஒரு ஓவியரு. அநாதை ஆசிரமத்துல வுட்டுட்டுப் போன கொழந்த, கரிக்கடைக்காரங்க எடுத்து வளத்தாங்க, துறைமுகத்துல கரி மூட்ட தூக்குனவரு. அவுரும் அக்கம்பக்கத்து ஆளுங்களும் சேந்துதான் அந்த சந்துக்கு கலர் அடிச்சாங்க. 1959ல அது தெரு மியூசியம் ஆச்சி. அவுரு படங்க இருக்கிற மியூசியம் ஆத்தோரமாவே இருக்கு. கமினிதோல அஞ்சு நிமிஷம் போதும், இங்க ஒரு மணி நேரம் இரு. கரி மூட்டையோட பலகை மேல ஏறுறவன் முதுக வரைஞ்சிருக்காரு பாரு. நிலக்கரி எறங்குன காலத்துல மொட்ட மாடில வெள்ள வேட்டி காயப்போட முடியாத தெருவுல பொறந்தவன் நான். அந்த முதுகு எங்க நைனா முதுகு.

ஸ்டேடியம் அங்கேருந்து கொஞ்ச தூரம்தான். பொம்பொனேரா, 1940ல தொறந்தது. மூணு பக்கம் அடுக்கு, ஒரு பக்கம் செவுரு மாதிரி நேரா நிக்கும். எடம் பத்தல, அவ்ளோதான். நம்ம சந்துல மாடி எடுக்கற கணக்கு. ஜெர்சி கலரு எப்படி வந்துச்சின்னு ஒரு கதை சொல்லுவாங்க: துறைமுகத்துக்கு அடுத்து வர்ற கப்பலோட கொடி கலர வச்சிக்கலாம்னு முடிவு பண்ணாங்களாம், வந்தது ஸ்வீடன் கப்பல், அதான் மஞ்சளும் நீலமும். இருட்டறதுக்குள்ள பஸ் ஏறிடு.

தண்டையார்பேட்டை_டீச்சர்:

மோட்டார்மேன் அண்ணன் ரெக்கோலெட்டா கல்லறையை விட்டுட்டார். 1952ல் இறந்த, ஜனாதிபதி பெரோனின் மனைவி ஈவா பெரோனின் உடலைத் திருடி, இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் கொண்டுபோய், 1976ல்தான் அங்கே அடக்கம் செய்தார்கள். தம்பிக்கு நேரமிருந்தால் பார்க்கட்டும். நாங்கள் ஜூலையில் போய்க் குளிரில் நடுங்கினோம், அங்கே அதுதான் குளிர்காலம். அப்புறம், பீட்சா கடையில் ஃபைனா கேளுங்கள். கொண்டைக்கடலை மாவில் செய்யும் ஒரு ரொட்டி. அடைக்கு ஏங்கும் நாக்குக்கு அது போதும்.

ராயபுரம்_மோட்டார்மேன்:

டீச்சரம்மா, கல்லறை வடக்கால ரொம்ப தூரம், ஒரே நாள்ல ரெண்டும்னா புள்ள ஓடணும். ஆனா ஃபைனா கரெக்ட்டு. அதுவும் ஜெனோவாக்காரன் கொண்டாந்ததுதான்.

வியாசர்பாடி_வலதுவிங்:

அண்ணே, ரெக்கோலெட்டாவ வுட்டுடறேன். ஒரே ஒரு டவுட்டு, மஞ்சள் காய்ச்சல் ஊசி போடணுமா?

ராயபுரம்_மோட்டார்மேன்:

போடணும். திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்டுல, ஊசி போட்டதுக்கு குடுக்கற மஞ்ச புக்கு கேப்பாங்க. ஊசி போட்டு 10 நாள் ஆனாத்தான் செல்லும், கடைசி வாரம் ஓடாத.

பெரம்பூர்_லோகோ:

எக்ஸ்எல் இல்லாட்டி டபுள் எக்ஸ்எல்.