ஓசூரிலிருந்து பெங்களூரு கிளப்: ஆண்கள் மட்டும் போனால் விடுவார்களா?

பழையபேட்டைவாசி (கேள்வி):
நான் கிருஷ்ணகிரிக்காரன், ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறேன். சென்ற சனிக்கிழமை இரவு அறைத்தோழர்கள் இருவருடன் கோரமங்கலாவில் ஒரு கிளப்புக்குப் போயிருந்தேன். வாசலில் நின்ற பவுன்சர் எங்களைத் தலை முதல் கால் வரை அளந்துவிட்டு, ‘ஸ்டாக் என்ட்ரி இல்லை’, அதாவது பெண் துணையின்றி வரும் ஆண்களுக்கு அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பினார். எங்களுக்குப் பின்னால் வந்த ஜோடிகள் மணிக்கட்டில் முத்திரை குத்திக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தபடி நடைபாதையில் நின்றோம். நான் மது அருந்துவதில்லை. மாரியம்மன் பண்டிகையில் பம்பை முழங்கினால் விடியும்வரை ஆடுபவன் என்பதால், ஆடவும் புதியவர்கள் நாலு பேரோடு பழகவும்தான் ஆசை. அடுத்த முறை எப்படிப் போவது?

அத்திப்பள்ளி வழிப்போக்கன்:
சனிக்கிழமை இரவில் கூட்டம் தானாக வரும் என்பதால், பல கிளப்புகள் ஆண்கள் மட்டுமே வரும் குழுவைத் தவிர்க்கின்றன. புதன், வியாழன் இரவுகளில் இந்தக் கெடுபிடி பெரும்பாலும் தளரும். முன்பே தொலைபேசியில் அழைத்து விருந்தினர் பட்டியலில் பெயர் சேர்க்க முடியுமா என்றும், நுழைவுக்கு வாங்கும் கவர் சார்ஜ் உணவில் கழியுமா என்றும் கேட்டுவிடுங்கள். கழியும் என்றால் மது அருந்தாதவருக்கும் நட்டமில்லை. வயதைக் காட்ட அடையாள அட்டை வேண்டும். காலில் என்ன அணிந்திருந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லையே?

தளி ரோடு:
ஆட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஹவுஸ் எனும் மின்னணு நடன இசை பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 130 அடிகள் வரை ஒரே சீராகப் போகும். பம்பையைப் போல நடுவில் நடை மாறி ஏமாற்றாது. ஸ்பீக்கருக்கு நேர் எதிரே மட்டும் நிற்காதீர்கள், மறுநாள் ஷிப்டில் காது ரீங்காரமிடும். பேசிப் பழகுவதற்கு ஆடுதளம் உதவாது. வெளி மாடத்தில்தான் மனிதர்கள் வாய் திறப்பார்கள்.

எனக்குப் பெரிய சிக்கல் திரும்பி வருவதுதான். மஞ்சள் வழித்தட மெட்ரோ பொம்மசந்திரா வரைதான் வருகிறது, கிளப் மூடும் ஒரு மணிக்கு அதுவும் ஓடாது. குடிக்காதவர் நீங்கள் ஒருவரே என்றால் வண்டி ஓட்டும் வேலை உங்கள் தலையில் விழும். தோழர்களிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்; குடித்துவிட்டு ஓட்டி முதல் முறை பிடிபட்டாலே பத்தாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு.

பழையபேட்டைவாசி:
இருவருக்கும் நன்றி. வியாழக்கிழமைக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். எங்களில் ஒருவர் ரப்பர் செருப்போடு வந்திருந்தார் என்பதை எழுத விட்டுப்போயிற்று. அந்த ஒருவர் நான்தான்.