கட்டபெட்டு தெரு குழு: ரெண்டு ஏடிவி ஏத்த எந்த டிரெய்லர்?

பிரகாஷ்: எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு ஏடிவியை (தோட்டத்துக்குள்ள ஓட்டற நாலு சக்கர வண்டி) கோத்தகிரி தோட்டத்துக்கும் கீழ் கோத்தகிரி தோட்டத்துக்கும் மாத்தி மாத்தி கொண்டு போகணும். சர்வீஸுக்கு மாசம் ஒரு தடவை மேட்டுப்பாளையம் இறக்கணும். இழுக்கறது பொலேரோ ஜீப். எந்த மாதிரி டிரெய்லர் எடுக்கலாம்? செல்வண்ணா, மணிண்ணா பார்த்து சொல்லுங்க.

பாபு டிரைவர்: டிரெய்லர் எதுக்கு தம்பி? டாடா ஏஸ் வாடகைக்கு எடு. படுக்கை நீளம் 2.2 மீட்டர், அகலம் 1.49. உன் வண்டி அளவு என்ன?

பிரகாஷ்: 570 சிசி போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன். நீளம் 211 செ.மீ., அகலம் 122 செ.மீ. பெட்ரோல் ஊத்தினா ஒண்ணு 330 கிலோ வரும்.

பாபு டிரைவர்: அப்போ ஏஸுல ஒண்ணு கச்சிதமா உக்காரும், பின்கதவும் மூடும். ரெண்டுக்கு ரெண்டு நடை.

பிரகாஷ்: வாரத்துக்கு ரெண்டு தடவை மாத்தறோம் பாபுண்ணா. ரெண்டும் ஒண்ணா போகணும்.

பாபு டிரைவர்: வாரத்துக்கு ரெண்டுன்னா வாடகை கட்டாது. டிரெய்லரே பாரு.

ராமன் பெரியப்பா: ஏன்டா, ஓட்டிக்கிட்டே போயிட முடியாதா?

பிரகாஷ்: ரோட்டுல ஓட்ட இதுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் இல்ல பெரியப்பா. தோட்டத்துக்குள்ள மட்டும்தான்.

ராமன் பெரியப்பா: சரி. தோட்டத்து எல்லையோட நிறுத்திக்கோ. பக்கத்துல ரிசர்வ் ஃபாரஸ்ட், உள்ள இறக்கினா கேஸ் ஆகும். புல்வெளியில ஒரு தடவை டயர் பதிஞ்சா அந்தத் தடத்துலயே மழைத்தண்ணி ஓடி மண்ணை அரிச்சுடும்.

செல்வம் ஒர்க்‌ஷாப்: முதல்ல எடைக் கணக்கு. ரெண்டு வண்டி 660. ரெண்டையும் தாங்கற டிரெய்லர் தன் எடையே 380, 400 வரும். மொத்தம் 1,050 கிலோ. டிரெய்லர் வகையில மொத்த எடை 750 கிலோ வரைக்கும் டி1, அதுக்கு மேல 3.5 டன் வரை டி2. நீ வாங்க வேண்டியது டி2, பிரேக் வச்சது. பிரேக் இல்லாத சின்ன டிரெய்லரை விலை குறைவுன்னு யாராவது காட்டினா தலையாட்டிடாதே.

செல்வம் ஒர்க்‌ஷாப்: பொலேரோ காலி எடை 1,600 கிலோ சொச்சம். 1,050ங்கறது அதுல மூணுல ரெண்டு பங்கு. சமதரையில பெருசா தெரியாது, மலையில நல்லாத் தெரியும். எவ்வளவு இழுக்கலாம்னு வண்டி மேனுவல்ல என்ன போட்டிருக்குன்னு பார்த்துட்டு மேற்கொண்டு பேசு.

பிரகாஷ்: சரிங்கண்ணா. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தற மாதிரி எடுத்தா நீளம் குறையுமே?

பாபு டிரைவர்: வேண்டவே வேண்டாம். 122ம் 122ம் 244, நடுவுல இடைவெளி விட்டா படுக்கையே 2.5 மீட்டர் தாண்டும். பொலேரோ அகலம் 1.75 மீட்டர்தான். ரெண்டு பக்கமும் 40 செ.மீ. வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். மேட்டுப்பாளையம் ரோட்டுல குஞ்சப்பனை வளைவுல எதிர்ல பஸ் வந்தா எங்க ஒதுங்குவ?

மணி வெல்டிங்: இன்னொரு வழி இருக்கு. முன்னாடி ஒண்ணைக் குறுக்கா நிறுத்தி, பின்னாடி ஒண்ணை நேரா நிறுத்தறது. படுக்கை 3.4 மீட்டர் போதும். ஆனா குறுக்கா நிக்கறதுக்கு அகலம் 1.95 வேணும். சக்கரமும் மட்கார்டும் வெளிய வர்றதால மொத்தம் 2.4 ஆயிடும். பக்கவாட்டு ராம்ப்பும் (வண்டி ஏத்தற சாய்வுத் தடம்) தனியா வேணும். ஏத்தி இறக்க ரெண்டு பக்கமும் இடம் வேணும், நம்ம தோட்டத்துப் பாதையில அது கிடைக்காது.

மணி வெல்டிங்: ஒண்ணு பின்னால ஒண்ணு நிறுத்தறதுதான் உனக்கு சரி. படுக்கை நீளம் 4.5 மீட்டர், அகலம் 1.5. மட்கார்டோட 2 மீட்டர். நீளம் கூடும், ஆனா கண்ணாடியில சக்கரம் தெரியும். அதுதான் முக்கியம்.

பாபு டிரைவர்: அது கரெக்ட். ஆனா நீளம் கூடினா வளைவுல உள்பக்கம் அதிகமா வெட்டும். ஜீப் போன தடத்துல டிரெய்லர் சக்கரம் வராது. கொண்டை ஊசியில நல்லா வெளிய எடுத்துட்டுப் போய் லேட்டா திருப்பணும். இல்லேன்னா உள்பக்கச் சக்கரம் சாக்கடையில இறங்கிடும். கல்லட்டி பக்கம் இதை வச்சுக்கிட்டு போகவே போகாதே, 36 வளைவு.

பிரகாஷ்: ரெண்டு ஆக்சில் (சக்கர அச்சு) இருந்தா பாதுகாப்புன்னு ஒருத்தர் சொன்னாரு.

செல்வம் ஒர்க்‌ஷாப்: ஹைவேயில ஆட்டம் குறையும், ஒரு டயர் வெடிச்சா இன்னொண்ணு தாங்கும், உண்மைதான். ஆனா கொண்டை ஊசியில நாலு டயரும் ஒரே நேரத்துல திரும்ப முடியாது, ரோட்டுல தேய்ச்சுக்கிட்டே வரும். டயர் ஓரம் சீக்கிரம் போயிடும், ஆக்சில் பிடிமானத்துக்கும் அடி. 1,050 கிலோவுக்கு ஒரே ஆக்சில் போதும். மிச்ச கவனத்தை டயர்ல வை.

பிரகாஷ்: டயர் அளவு?

செல்வம் ஒர்க்‌ஷாப்: ஜீப்புல டிரெய்லரை மாட்டற கொக்கி மேல 80 கிலோ போனா ஆக்சில்ல 970, டயருக்கு 485. ஏஸுக்குப் போடற 145 ஆர்12 எட்டு பிளை (அடுக்கு) டயர் லோடு இண்டெக்ஸ் 86, அதாவது 530 கிலோ. தாங்கும், ஆனா வளைவுல எடை ஒரு பக்கம் சாயும்போது மிச்சமே இருக்காது. 165 ஆர்14 எட்டு பிளை எடு. இண்டெக்ஸ் 97, ஒண்ணு 730 கிலோ. சக்கரம் பெருசுங்கறதால பேரிங்கும் குறைவா சுத்தும், சூடு குறையும். ஸ்டெப்னி கட்டாயம். பொலேரோ ஸ்டெப்னி இதுக்குப் பொருந்தாது.

ராமன் பெரியப்பா: கொக்கி மேல 80 கிலோங்கறது என்ன கணக்கு? கம்மியா இருந்தா ஜீப்புக்கு நல்லதுதானே?

செல்வம் ஒர்க்‌ஷாப்: இல்லீங்க பெரியப்பா, இதுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. டிரெய்லர் மூக்கு, அதாவது முன்நுனி, கொக்கியை எப்பவும் கீழ அழுத்திக்கிட்டே இருக்கணும். மொத்த எடையில 7, 8 சதவீதம். குறைஞ்சா பின்பக்கம் பாம்பு மாதிரி ஆடும், இறக்கத்துல அந்த ஆட்டம் கூடிக்கிட்டே போகும். ரொம்ப அதிகமானா ஜீப் பின்னால அமுங்கி முன்சக்கரம் லேசாகும், ஸ்டீயரிங் பிடிக்காது.

மணி வெல்டிங்: அதுக்கு ஆக்சில் எங்க இருக்குங்கறதுதான் விஷயம். மூக்குத் தண்டு 1.2 மீட்டர், படுக்கை 4.5 மீட்டர்னு வச்சுக்குவோம். படுக்கை நடுவுல இருந்து சுமார் 28 செ.மீ. பின்னால ஆக்சில் இருந்தா, ரெண்டு வண்டியும் ஏறினதும் கொக்கியில 80 கிலோ வரும். காலியா இருக்கும்போது 30. ஷோரூம்ல டேப் போட்டு அளந்து பாரு. நட்ட நடுவுல ஆக்சில் வச்ச டிரெய்லர் பண்டம் ஏத்தத்தான் லாயக்கு, அதுல மூட்டையை நகர்த்தி சரி பண்ணிக்கலாம். ஏடிவியை நகர்த்த இடம் இருக்காது.

பிரகாஷ்: ஒரே ஒரு வண்டி மட்டும் ஏத்தினா?

மணி வெல்டிங்: நல்ல கேள்வி. முன்னாடி இடத்துல நிறுத்தினா கொக்கியில கிட்டத்தட்ட 155 கிலோ. பின்னாடி இடத்துல நிறுத்தினா கொக்கியை 45 கிலோ மேல தூக்கும். ரெண்டும் கூடாது. ஒண்ணை நடுவுலதான் நிறுத்தணும், அதுக்கு படுக்கை நடுவுலயும் பெல்ட் வளையம் வேணும். ரெண்டு வண்டிக்கு மட்டும்னு வளையம் போட்டு வித்தா, நாலு சேர்த்துக் கேளு.

பிரகாஷ்: கொக்கி எடையை வீட்டுல எப்படி அளக்கறது?

மணி வெல்டிங்: ஆள் எடை பார்க்கற மெஷின் போதும், 150 கிலோ வரை காட்டறது. சமதரை, சக்கரத்துக்குக் கட்டை. மெஷின் மேல ஒரு மரக்கட்டையை நிக்க வச்சு, அதுமேல மூக்கை இறக்கு. ஜீப்புல மாட்டினா எந்த உயரமோ அதே உயரம் இருக்கணும்.

ஸ்டெல்லா அக்கா: நடுவுல ஒண்ணு சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டத்துல மோட்டார் வாகனம்ங்கற சொல்லுக்குள்ளயே டிரெய்லரும் வருது. அதனால அதுக்குத் தனி ரிஜிஸ்ட்ரேஷன், தனி நம்பர். அப்ரூவல் உள்ள தயாரிப்பாளர் கிட்ட வாங்கி, அந்தச் சான்றிதழோட ஆர்டிஓ ஆபீஸ் போகணும். பொலேரோ பாலிசியில டிரெய்லரையும் சேர்த்து எழுதச் சொல்லு. எழுதலேன்னா டிரெய்லர் யாரையாவது இடிச்சா க்ளெய்ம் சிக்கலாகும். ஏடிவிக்கு ஆகற சேதம் இதுல வராது, அது தனி.

மணி வெல்டிங்: அக்கா சொல்றது சரி. அதனாலதான் முழு டிரெய்லர் நான் அடிச்சுத் தரேன்னு சொல்லல. ராம்ப், முட்டுக்கால் மட்டும் நான் பார்த்துக்கறேன்.

பிரகாஷ்: பிரேக் பத்தி சொல்லுங்கண்ணா. கடையில ரெண்டு வகை சொன்னாங்க.

செல்வம் ஒர்க்‌ஷாப்: ஒண்ணு ஓவர்ரன். நீ ஜீப்புல பிரேக் பிடிச்சதும் டிரெய்லர் முன்னால தள்ளும். அந்தத் தள்ளுல மூக்குல இருக்கற தண்டு உள்ள போய், கேபிளை இழுத்து, டிரம் பிரேக் பிடிக்கும். வயர், கன்ட்ரோலர் எதுவும் வேணாம். இன்னொண்ணு எலக்ட்ரிக். ஜீப்புக்குள்ள கன்ட்ரோலர் வச்சு டிரம்முல இருக்கற காந்தத்துக்கு கரண்ட் கொடுக்கறது. அளவா பிடிக்கலாம், நல்லதுதான். ஆனா காந்தம் போனா நம்ம ஊர்ல உடனே கிடைக்காது. நான் ஓவர்ரன்தான் எடுக்கச் சொல்வேன்.

செல்வம் ஒர்க்‌ஷாப்: ஆனா ஓவர்ரனுக்கு மலையில ஒரு குணம் இருக்கு, புரிஞ்சு வச்சுக்கோ. கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், 1,400 மீட்டருக்கு மேல இறக்கம். நீ ரெண்டாம் கியர்ல இன்ஜின் பிடிமானத்துல இறங்கினாலும் டிரெய்லர் தள்ளிக்கிட்டேதான் இருக்கும். அப்போ அதோட பிரேக்கும் லேசா பிடிச்சுக்கிட்டே வரும். நீ பெடலைத் தொடாமலேயே டிரம் சூடாகும். பிரேக் லைனர் கருகற வாசனை வந்த பிறகு நிறுத்தினா லேட். பாதி வழியில ஒதுங்கி 15 நிமிஷம் நிறுத்து. ரெண்டு ஹப்பு பக்கத்துலயும் கை காட்டிப் பாரு, தொடாதே. ஒண்ணு சூடா, ஒண்ணு ஆறி இருந்தா கேபிள் சமமா இல்லேன்னு அர்த்தம்.

பாபு டிரைவர்: அங்க நிறுத்தும்போது டிரெய்லர் ஹேண்ட்பிரேக் போடாதே. சூடுல விரிஞ்ச டிரம் ஆறும்போது சுருங்கி லைனரைக் கவ்விக்கும். சக்கரத்துக்குக் கட்டை வை.

செல்வம் ஒர்க்‌ஷாப்: ஆமா. மழைக்காலத்துல வாரக்கணக்கா ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினாலும் துரு ஏறி ஒட்டிக்கும்.

பிரகாஷ்: ரிவர்ஸ் எடுக்கும்போதும் டிரெய்லர் தள்ளுமே, பிரேக் பிடிச்சுக்காதா?

செல்வம் ஒர்க்‌ஷாப்: பிடிக்கும். அதுக்குத்தான் ஆட்டோ ரிவர்ஸ் டிரம்னு கேட்டு வாங்கணும். சக்கரம் பின்னால சுத்தினா பிரேக் ஷூ தானா விலகும். பழைய மாடல்ல கீழ இறங்கி ஒரு லிவரைப் போட்டாத்தான் ரிவர்ஸ் போகும், வளைவுல மாட்டிக்கிட்டு நிக்கும்போது அது நடக்கிற காரியம் இல்ல. மூக்குல ஒரு மெல்லிய வயர் கயிறும் இருக்கும். அதை ஜீப் சட்டத்துல மாட்டு, பால்ல (மூக்கு மேல உக்கார்ற இரும்பு உருண்டை) சுத்தாதே. கொக்கி கழண்டா அது இழுபட்டு ஹேண்ட்பிரேக்கைப் போடும். கூடவே பாதுகாப்புச் சங்கிலி ரெண்டு, மூக்குக்குக் கீழ குறுக்கா மாட்டணும். கொக்கி கழண்டாலும் மூக்கு சங்கிலி மேல விழும், ரோட்டுல குத்தாது.

பிரகாஷ்: ராம்ப் எவ்வளவு நீளம் மணிண்ணா?

மணி வெல்டிங்: படுக்கை உயரம் 50 செ.மீ. ராம்ப் ஒன்றரை மீட்டர்னா சாய்வு 19, 20 டிகிரி. 2 மீட்டர்னா 14, 15. ரெண்டு மீட்டரே போடறேன். ரெண்டு தனித்தனி தடம், மேல கம்பி வலை. செக்கர்டு பிளேட் (மேடு கோடு போட்ட இரும்புத் தகடு) பனியில சோப்பு மாதிரி வழுக்கும். ராம்ப் நுனியை டிரெய்லர்ல பின் போட்டு மாட்டணும், சும்மா சாய்ச்சு வச்சா டயர் ஏறும்போது பின்னால உதைச்சுத் தள்ளிடும்.

மணி வெல்டிங்: முட்டுக்கால் ஏன் சொன்னேன்னா, முதல் வண்டி படுக்கையோட பின் விளிம்புல ஏறும்போது எடை முழுக்க ஆக்சிலுக்குப் பின்னால. கொக்கியை 140 கிலோவுக்கு மேல தூக்கும். ஜீப்போட ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்துலதான். அந்தச் சக்கரமே லேசாயிட்டா சரிவுல ஜீப்பு நகரும். பின் மூலை ரெண்டுலயும் கால் இறக்கி, ஜீப்பை கியர்ல போட்டு, கட்டை வச்சுட்டு அப்புறம் ஏத்து. இறக்கும்போதும் அதேதான்.

ராமன் பெரியப்பா: பின்பக்கத்தை மேட்டுப் பக்கமா வச்சு நிறுத்தினா ராம்ப் சாய்வும் குறையுமே.

மணி வெல்டிங்: ஆமாங்க பெரியப்பா, அந்த மாதிரி இடம் இருந்தா அதுதான் நல்லது. கட்டை மட்டும் மறக்கக் கூடாது, ஜீப் மூக்கு இறக்கத்தைப் பார்த்து இருக்கும்.

பிரகாஷ்: கட்டறதுக்கு கயிறு போதுமா?

பாபு டிரைவர்: கயிறு நனைஞ்சா தளரும். ராட்செட் பெல்ட் (லிவர் போட்டு இறுக்கற பட்டை), வண்டிக்கு நாலு, மொத்தம் எட்டு, ரெண்டு கூடுதல். லேபிள்ல 500 கிலோ தாங்கும்னாவது போட்டிருக்கணும். அது வேலை அளவா, அறுபடற அளவான்னு பார்த்து வாங்கு. சாமான் வைக்கற கம்பியில மாட்டாதே, அது வளையும். சட்டத்துல மாட்டு. நாலும் நாலு மூலைக்கு வெளிய இழுக்கணும். சஸ்பென்ஷன் மூணுல ஒரு பங்கு அமுங்கற வரைக்கும் இறுக்கு. அமுங்கலேன்னா குழியில வண்டி குதிக்கும்போது பெல்ட் தளர்ந்து கொக்கி விலகும். கியரை பார்க்குல (P) போட்டு பார்க்கிங் பிரேக். 10 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி எல்லாத்தையும் மறுபடி இறுக்கு.

ஸ்டெல்லா அக்கா: மஞ்சுல பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியணும். லைட், ரிஃப்ளெக்டர் ரெண்டு பக்கமும்.

செல்வம் ஒர்க்‌ஷாப்: ஏழு பின் சாக்கெட். மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக், வெள்ளை எர்த். எர்த் வயரைத் தனியா கட்டாயம் கொண்டு வா, பால் வழியா எர்த் கிடைக்கும்னு விட்டா கிரீஸும் துருவும் சேர்ந்து லைட் விட்டு விட்டு எரியும். டிரெய்லர் சட்டம் ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கின துத்தநாகத்துல முக்கினது) பண்ணினதா கேளு. நம்ம ஈரத்துக்கு வெறும் பெயின்ட் ரெண்டு மழைக்காலம் தாங்காது. பெட்டி டியூப்னா கீழ தண்ணி வடியற ஓட்டை இருக்கான்னு பாரு, இல்லேன்னா உள்ள இருந்து அரிக்கும்.

பிரகாஷ்: பால் அளவு 50 எம்எம் தானே?

செல்வம் ஒர்க்‌ஷாப்: 50. வெளிநாட்டு சாமான்ல ரெண்டு இன்ச், அதாவது 50.8 வரும். 50க்கான கொக்கி அதுல முழுசா பூட்டாது, பூட்டின மாதிரி தெரியும். பால் மேல பொறிச்சிருக்கற நம்பரைப் படிச்சுப் பாரு. உயரமும் அளக்கணும். டிரெய்லர் ஏத்தின நிலையில பால் நடு தரையில இருந்து 35ல இருந்து 42 செ.மீ. க்குள்ள இருக்கறது நல்லது.

பிரகாஷ்: பொலேரோ கொக்கி அதைவிட உயரமா தெரியுதுண்ணா.

செல்வம் ஒர்க்‌ஷாப்: அப்போ இறக்கி மாட்டற தட்டு போடணும், டிரெய்லர் மூக்கு மேல பார்த்தா எடை பின்னால போயிடும். ஞாயித்துக்கிழமை காலையில ஜீப்பைக் கொண்டு வா. டயருக்கு காத்து சரியா அடிச்சு, டேங்க் முக்கால் வரைக்கும் நிரப்பி, ஒர்க்‌ஷாப் முன்னாடி சிமெண்ட் தரையில நிறுத்து. 80 கிலோவுக்கு ஒரு சிமெண்ட் மூட்டையும் ஒரு முப்பது கிலோ கல்லும் கொக்கி மேல தொங்கவிட்டு அளந்துடுவோம். அந்த அளவை எழுதி எடுத்துட்டுப் போய் டிரெய்லருக்கு ஆர்டர் கொடு.

மணி வெல்டிங்: தராசு மெஷின் நான் கொண்டு வரேன்.