பெண் வீட்டார் விசாரிக்க வந்தால் எவ்வளவு சொல்வது?

பொகவந்தலாவை வாசகர்:
எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், அடுத்த காம்பராப் (ஓரறை வீட்டுப்) பையனுக்குப் பதுளைப் பக்கம் பெண் பார்த்திருக்கிறார்கள். பெண்ணின் தாய்மாமன் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் விசாரிக்க வருகிறார். பையன் உழைப்பாளி, ஆனால் சம்பள நாளில் கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தைக் குடித்துவிட்டுத் தாயை அடிப்பான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்களுக்கு நடுவில் ஒரே சுவர், தண்ணீருக்கும் ஒரே பைப்பு என்று வாழ்கிற நாங்கள், இதைச் சொல்லிவிட்டு மறுநாள் அந்தத் தாயின் முகத்தில் எப்படி விழிப்பது? "வேலைக்கு ஒழுங்காகப் போவான்" என்று மட்டும் சொல்ல நினைக்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லையே.

ஹட்டன் ஆசிரியை:
ஐயா, அவர் உங்களைத் தேடி வருவதே அந்த ஒற்றைச் சுவருக்காகத்தான். பக்கத்துக் காம்பராக்காரர் நல்லதை மட்டும் சொன்னால், கெட்டது எதுவும் இல்லை என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். சொற்கள் ஒவ்வொன்றும் உண்மையாக இருந்தும் அவர் பொய்யை நம்பிப் போவார். உங்கள் மரியாதைக்கான விலையைக் கொடுக்கப்போவது நீங்கள் பார்த்தேயிராத ஒரு பெண்.

தலவாக்கலை, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை:
டீச்சர், டவுனில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எளிது. தோட்டத்தில் ஒரு கல்யாணம் உங்கள் வாயால் நின்றது என்று பெயர் வந்துவிட்டால், உங்கள் வீட்டுச் சாவுக்குக்கூட ஆட்கள் தயங்கித்தான் வருவார்கள். எங்கள் பெரியவர்கள் இதற்கு வழி வைத்திருந்தார்கள்: "இன்னும் நாலு இடத்தில் விசாரித்துப் பாருங்கள்" என்பார்கள். கேட்டவருக்கு விளங்கிவிடும், யாரும் புண்பட மாட்டார்கள். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்று வள்ளுவரே சொல்லியிருக்க, வாயை அடக்குவதிலா தவறு?

ஹட்டன் ஆசிரியை:
வள்ளுவர் வைத்த நிபந்தனை உங்கள் பக்கம் இல்லை, ஐயா. ஒரு வீட்டுக்கு நன்மையும் இன்னொரு வீட்டுக்குக் கேடும் தருவதைக் குற்றமற்ற நன்மை என்று யார் சொல்வார்? பெரியவர்களின் குறிப்பு மொழி ஒரே தோட்டத்துக்குள் விளங்கலாம். பதுளையிலிருந்து வருகிறவர் அதைத் தன்னடக்கம் என்று நினைத்துவிட்டுப் போகவும் கூடும். கொலைகாரன் கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் ஜெர்மன் தத்துவவாதி கான்ட் எழுதியது, உண்மையைப் பெற உரிமை உள்ளவரிடம் மட்டுமே அதைச் சொல்லும் கடமை உண்டு என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் கான்ஸ்டன்டுக்கு மறுப்பாகத்தான். நான் கான்ஸ்டன்ட் பக்கம். வம்புக்குக் கேட்பவருக்கு அந்த உரிமை இல்லை. பெண்ணின் மாமனுக்கு உண்டு.

நுவரெலியா வாசகி:
இருவருமே தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். "குடிகாரன்" என்பது தீர்ப்பு. "சம்பள நாளில் குடிப்பார், தாய் மீது கை நீட்டியதைக் கண்டேன்" என்பது சாட்சி. சாட்சியை உழைப்பைப் பற்றிய நல்ல வார்த்தையோடு சேர்த்தே தணிந்த குரலில் சொல்லலாம். அதற்கு முன் அந்தத் தாயிடம், "கேட்டால் மறைக்க மாட்டேன், அக்கா" என்று சொல்லிவிடுங்கள்; முதுகுக்குப் பின்னால் பேசியதாக ஆகாது. இன்னொன்று: நம் இலங்கையில் 2005ஆம் ஆண்டிலிருந்து குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தாய் அடி வாங்கும்போதெல்லாம் பேசாதிருந்த லயம், கல்யாணப் பேச்சு வந்த பிறகு நாகரிகத்தைப் பற்றி யோசிப்பது எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

தலவாக்கலை, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை:
தாயிடம் முன்கூட்டிச் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் கேட்டால் மட்டுமே பதில்; கேளாததற்கு வாய் திறக்க வேண்டாம்.

பொகவந்தலாவை வாசகர்:
தாயிடம் பேசிப் பார்க்கிறேன். "என் பிள்ளை அப்படி இல்லை" என்றுதான் அவர் சொல்வார். குடியைப் பற்றி மாமனிடம் சொல்கிறேன். அடிப்பதைச் சொல்ல இன்னும் மனம் வரவில்லை.

ஹட்டன் ஆசிரியை:
ஐயா, குடியை அவர் வேறு யாரிடமும் கேட்டு அறிந்துகொள்வார். அடிப்பது சுவருக்கு இப்பால் இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும்.