18 நானோமீட்டர் பாலிஸ்டைரீன் படலத்தில் டிஜி (கண்ணாடி போன்ற இறுகிய நிலை இளகும் வெப்பநிலை) 84 டிகிரி: நிஜமா, டொலுயீன் மிச்சமா?

தரமணி_லேப்:
டொலுயீனில் கரைத்து, சிலிக்கான் வேஃபர் மேல் ஸ்பின் கோட் செய்த (சுழற்றிப் பூசிய) படலம். 90 டிகிரி ஹாட்பிளேட்டில் 10 நிமிடம் உலர்த்தியது. எலிப்சோமீட்டரில் (ஒளியால் தடிமன் அளக்கும் கருவி) சூடேற்றிக்கொண்டே பார்த்தால் தடிமன் கோட்டின் சாய்வு 84 டிகிரி செல்சியஸில் முறிகிறது, அதுதான் டிஜி. புத்தகத்தில் 100 என்று இருக்கிறதே?

மெல்லேடு:
84 வருவதில் அதிசயமில்லை. 1994-இல் கெடி, ஜோன்ஸ், கோரி மூவரும் சிலிக்கான் மேல் இதே பாலிஸ்டைரீனை அளந்து ஒரு சமன்பாடு தந்தார்கள்; அதில் 18 நானோமீட்டரைப் போட்டால் சுமார் 16-17 டிகிரி இறக்கம். ஆனால் உங்கள் 84-ஐ இப்போதைக்கு நம்ப முடியாது. வழக்கமான டிஜியான 100-க்குக் கீழே 10 நிமிடம் வைத்தால் டொலுயீனும் முழுக்கப் போகாது, சுழற்றியபோது ஏறிய இறுக்கமும் தளராது. வெற்றிட ஓவனில் 120 டிகிரி, ஓர் இரவு அனீல் செய்யுங்கள் (சூட்டில் வைத்துத் தளரவிடுங்கள்). பிறகு சூடேற்றும்போது அல்ல, குளிரவிடும்போது அளந்து பாருங்கள், நிமிடத்துக்கு 2 டிகிரி. மூன்று சுற்று. சுற்றுக்குச் சுற்று டிஜி ஏறினால் கரைப்பான்தான். அசையாமல் நின்றால், அதே கரைசலை அடர்த்தியாக்கி 150 நானோமீட்டர் படலம் போட்டுப் பாருங்கள். அதுவும் 100-ஐத் தொடவில்லையா? மூலக்கூறு எடை குறைவான சரக்காக இருக்கலாம்.

கோட்டூர்_ஒளியியல்:
ஃபிட்டிங்கையும் (அளவீட்டுக்குக் கணக்கு மாதிரியைப் பொருத்துவதையும்) கவனிங்க சார். இந்தத் தடிமனில் டிஜிக்கு மேலே டிகிரிக்கு 0.01 நானோமீட்டர்தான் விரியும், கீழே அதில் மூன்றில் ஒரு பங்கு. ஒளிவிலகல் எண்ணையும் தடிமனையும் சேர்த்து மாறவிட்டால் ஒன்றின் பிழையை மற்றது விழுங்கிவிடும், ஒளிவிலகல் எண்ணை 1.59-இல் கட்டிப்போடுங்கள். சிலிக்கானின் ஒளியியல் மாறிலிகளும் சூட்டோடு மாறும், அறை வெப்ப அட்டவணை உதவாது. சிலிக்கான் மேல் தானாகப் படியும் ஆக்சைடை, சுமார் 2 நானோமீட்டர், கோட் செய்யும் முன்பே அளந்துவிடணும்.

பாலிமர்_பித்தன்:
இறக்கத்துக்குக் காரணமாகப் பலரும் சொல்வது காற்றைத் தொடும் மேல்பரப்பை: அங்கே மூலக்கூறுகள் லேசாக நகரும். அடித்தளம் பிடித்துக்கொண்டால் கதை தலைகீழ். ஆக்சைடு மேல் பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்) ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டுவதால் டிஜி ஏறும். ஆகவே "மெலிந்தாலே இறங்கும்" என்று எழுதிவிடாதீர்கள்.

அனீலுக்குப் பின் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது கட்டாயம். பாலிஸ்டைரீன் ஆக்சைடை விட்டுச் சுருண்டு வட்ட ஓட்டைகள் விழுந்திருந்தால் அந்தத் துண்டு குப்பைக்கு. நம்ம ஊர் ஈரத்தில் உலர் நைட்ரஜன் ஓடாமல் ஸ்டேஜை 30 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். பனித்துளி படிந்து கடைசிப் புள்ளிகள் எகிறும், டிஜிக்குக் கீழே உள்ள பகுதியின் கோடு சாய்ந்துவிடும்.