மேடை ஏறி விவாதம் பண்ணச் சொல்றாங்க, ஒத்துக்கலாமா?

மைக்செட் பாய், பழைய வண்ணாரப்பேட்டை:

அஸ்ஸலாமு அலைக்கும். மத்தவங்களுக்கு வணக்கம். கொஞ்சம் நீளமா போவும், பொறுத்துக்கங்க.

அகஸ்தியா தியேட்டர் இருந்த பக்கம் சின்னதா மைக்செட் கடை வெச்சிருக்கேன். தியேட்டர 2020லயே மூடிட்டாங்க, ஷேர் ஆட்டோக்காரங்க வாயில மட்டும் இன்னும் ஓடிட்டிருக்கு. ஆறு ஹாரன், ரெண்டு பாக்ஸ், மூணு ஆம்ப்ளிஃபயர். ஆடி மாசம் கூழ் ஊத்துற எடத்துக்கும் நம்ம செட்டுதான், மீலாது மேடைக்கும் நம்ம செட்டுதான், செப்டம்பர் 17 பெரியார் பொறந்தநாள் தெருமுனைக் கூட்டத்துக்கும் நம்ம செட்டுதான். யார் பேசினாலும் கடைசி ஆளுக்குக் கேக்கணும். அதுக்குத்தான் துட்டு.

2009லேருந்து 2022 வரைக்கும் நான் தொழல. சோம்பேறித்தனம்னு நெனச்சுக்காதீங்க. பாலிடெக்னிக்ல கூட்டாளிங்க சேந்து படிப்பகம் போனோம், படிச்சோம், கடவுள் இல்லன்னு முடிவு பண்ணோம். என் மைக்க நானே புடிச்சு அதப் பேசவும் செஞ்சேன். அத்தா அதுக்கப்புறம் ரெண்டு வருசம் எங்கிட்ட பேசல.

எப்பிடித் திரும்பி வந்தேன்னு எல்லாரும் கேக்குறாங்க. சொன்னா சப்புனு இருக்கும். 2022 நோன்புல ஒரு நாள் ராத்திரி மூன்றரை மணிக்குப் பக்கத்துப் பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினார் போன் பண்ணாரு. ஆம்ப்ளிஃபயர் செத்துப்போச்சு, சஹர், அதான் நோன்புக்கு முந்தி சாப்புடுற நேரம், முடியறதுக்குள்ள வா தம்பின்னாரு. போனேன், ஃபியூஸ் போயிருந்தது, மாத்துனேன். வழக்கம்போல "அலோ மைக் டெஸ்ட்டு, ஒன் டூ த்ரீ"ன்னேன். மோதினார் மூஞ்ச சுளிச்சாரு. "பள்ளிக்குள்ள என்னாப்பா ஒன் டூ த்ரீ? ஹாரன் லைன கழட்டிட்டு பாங்கு சொல்லிப் பாரு." சொன்னேன். பத்து வயசுல மதரஸாவுல சொன்னதுதான். "அஸ்ஸலாத்து கைரும் மினன் நவ்ம்" வரைக்கும் வரிசை மாறாம வந்துச்சு. தூக்கத்தவிடத் தொழுகை மேலுங்கற அந்த வரி விடிகாலை ஃபஜர் பாங்குல மட்டும்தான் வரும், அதுகூட மறக்கல.

கண்ணுல தண்ணி வந்துச்சு, ஒளி தெரிஞ்சுதுன்னெல்லாம் எழுதமாட்டேன். செட்டுல உர்ர்ருன்னு ஒரு இரைச்சல், அதான் எனக்கு உறுத்துச்சு. தொழுகை ஓடும்போதுதான் அது எங்கேருந்து வருதுன்னு தெரியும். அதுக்காகக் கடைசி வரிசையில நின்னேன். மறுநாளும் போனேன். நாலாவது நாள் கண்டுபுடிச்சேன், எர்த்திங் கோளாறு. எவனோ பிளக்குல எர்த் பின்ன வெட்டி விட்டிருக்கான். சரி பண்ணிட்டேன். அஞ்சாவது நாள் போறதுக்கு ஒரு வேலையும் இல்ல. ஆனா போனேன். அவ்ளோதான்.

பழைய கூட்டாளிங்க என்னை "எர்த்திங் இல்லாம இஸ்லாத்துக்கு வந்தவன்"னு ஓட்டுவானுங்க. நானும் சிரிப்பேன். சிக்கல் எங்கன்னா, ராத்திரி டீக்கடையில அவனுங்க என்னை மடக்குறதெல்லாம் என் வசனத்த வெச்சுத்தான். "ஒரு தெரு தள்ளிப் பொறந்திருந்தா நீ இந்நேரம் கூழ் ஊத்தினு இருப்ப, அப்ப அதுதான உனக்கு உண்மை?" இது நான் 2009ல பேசுனது. அதுக்கு நான் இப்ப பதில் சொன்னா, "இந்தப் பதிலுக்கும் நீயே பதில் சொல்லியிருக்கியேடா"ன்றான். நிஜந்தான், சொல்லியிருக்கேன். ரெக்கார்டிங்கும் எங்கிட்டதான் இருக்கு. அப்புறம் ராத்திரி இஷா தொழுகைக்குப் போய்க் கைய கட்டுனா, இமாம் ஓதுறது காதுல விழல. டீக்கடைதான் ஓடுது உள்ள.

இப்ப பள்ளிவாசல்ல வயசுப் பசங்க சிலர், அடுத்த மாசம் ஒரு மண்டபம் புடிச்சு எனக்கும் என் நெருங்குன கூட்டாளிக்கும் மேடை விவாதம் வைக்கணும்ன்றாங்க. வீடியோ எடுத்து, "நாத்திகத்திலிருந்து திரும்பியவர்"னு போட்டு விடுவாங்களாம். கூட்டாளி ரெடின்னுட்டான். மைக்செட் வாடகை எனக்கே வருமாம், அது வேற.

அவன் காசிமேட்டுக்காரன். சுனாமி வந்த அந்த ஞாயித்துக்கெழமை அவன் சித்தி பையன் போயிட்டான், ஆறு வயசு. "அந்தப் புள்ள பண்ண பாவம் என்னா?"ன்னு மேடையில முதல்ல கேட்டவனும் நான்தான். இப்ப அத அவன் எங்கிட்ட கேக்குறான். அன்னிக்கும் எங்கிட்ட பதில் இல்ல, இன்னிக்கும் இல்ல.

ஒத்துக்கலாமா? ஓதுனவங்க யாராவது இருந்தா இன்னொண்ணும் சொல்லுங்க. 13 வருசம், ஒரு நாளைக்கு 5, மொத்தம் 23,725 தொழுகை வருது. லீப் வருசத்த சேக்கல. இத்தனையும் களா செய்யணுமா, அதான் விட்டதத் திரும்பத் தொழுது தீக்கணுமா?

ஓதிப் படிச்சவன், மண்ணடி:

வ அலைக்குமுஸ்ஸலாம் வ ரஹ்மத்துல்லாஹ். தம்பி, கால்குலேட்டரோடு தவ்பாவுக்கு (பாவமன்னிப்பு கேட்க) வந்த முதல் ஆள் நீங்கள்தான்.

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். சோம்பலால் விட்ட தொழுகைக்கு ஹனஃபி, ஷாஃபி இரண்டு மத்ஹபிலும் (மார்க்கச் சட்ட வழியிலும்) களா உண்டு. வாயால் மறுத்து, மார்க்கத்தை விட்டே போன காலத்துக்கு நிலை வேறு. திரும்பி வந்தவருக்கு ஹனஃபியில் அந்தக் காலத்துக் களா இல்லை, ஷாஃபியில் உண்டு. வேண்டுமென்றே விட்டதற்குக் களாவே கிடையாது, தவ்பாவும் உபரித் தொழுகைகளும்தான் என்பது இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்களின் கருத்து. உங்கள் வீட்டார் எந்த மத்ஹப், நீங்கள் எந்த வருடத்தில் என்ன சொன்னீர்கள் என்பதெல்லாம் உங்கள் பள்ளி இமாம் முன் உட்கார்ந்து பேச வேண்டியவை. இந்தத் திரையில் வேண்டாம். களா செய்வதானால் ஒவ்வொரு ஃபர்ளோடும் (கட்டாயத் தொழுகையோடும்) ஒன்று சேர்த்துத் தொழுதாலும் 13 வருடத்தில் தீரும். பயந்துபோய் மறுபடி ஓடிவிடாதீர்கள். அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று குர்ஆனில் ஸுமர் அத்தியாயத்தின் 53ஆம் வசனம் பேசுவதே, தமக்குத் தாமே வரம்பு மீறிக்கொண்டவர்களிடம்தான்.

மேடை விஷயத்துக்கு வருவோம். விவாதம் கூடாது என்று நான் சொல்ல முடியாது. அழகிய முறையில் விவாதியுங்கள் என்று நஹ்ல் 125இல் இருக்கிறது. அபூதாவூத் தொகுப்பில் ஒரு ஹதீஸும் (நபிமொழியும்) இருக்கிறது: தன் பக்கம் நியாயம் இருந்தும் தர்க்கத்தை விட்டுவிடுகிறவருக்குச் சொர்க்கத்தின் ஓரத்தில் ஒரு வீட்டுக்கு நபிகள் நாயகம் (ஸல்) பொறுப்பேற்கிறார்கள். மதரஸாவில் எங்களுக்கு முனாழரா, அதாவது விவாதப் பயிற்சி கொடுத்தார்கள். நான் கெட்டிக்காரன், ஜெயிப்பேன். ஒரு தடவை ஒருவரை மூன்று மணி நேரம் மடக்கினேன். அதற்குப் பிறகு அவர் எனக்கு ஸலாம் சொல்வதை நிறுத்திவிட்டார். எதிர்த்தரப்பு அன்று முஸ்லிம்தான், ஜமாஅத் மட்டும் வேறு.

அந்தப் பிள்ளையைப் பற்றி. வெள்ளத்தில் மூழ்கி இறந்தவருக்கு ஷஹீதின் (உயிர்த்தியாகியின்) அந்தஸ்து உண்டு என்று ஹதீஸ் இருக்கிறது. அது பறிகொடுத்த வீட்டில் மெதுவாகச் சொல்ல வேண்டியது. மேடையில் எதிராளிமேல் எறிந்தால் அது கல்லாகிவிடும். பதில் தெரியவில்லை என்பதற்காக ஈமான் (இறைநம்பிக்கை) போய்விட்டதாக நினைக்க வேண்டாம். இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய், காட்டு என்று இப்ராஹீம் நபியே (அலை) கேட்டார்கள். நீ நம்பவில்லையா என்று கேட்கப்பட்டபோது, நம்புகிறேன், என் உள்ளம் அமைதியடைய வேண்டும் என்றார்கள். பகரா 260. பறவைகளைக் காட்டித்தான் விடை வந்தது. ஏன் கேட்டாய் என்ற அதட்டல் வரவில்லை.

பெரம்பூர் பகுத்தறிவு:

தோழர், எதிர்த்தரப்பிலிருந்து ஒரு குரல். உங்கள் எர்த்திங் கதை எனக்குப் பிடித்தது. நேர்மையாக இருக்கிறது.

இஸ்லாம் என்றதும் கல்லெடுக்கும் கூட்டத்தில் நான் இல்லை. 'இன இழிவு நீங்க இஸ்லாமே நன்மருந்து' என்று 1947இல் பேசியவர் பெரியார். கடவுளை மறுத்தவர் அப்படிச் சொன்னார் என்றால், அவர் பார்த்தது சாதியை. 1981இல் மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் கூட்டமாக இஸ்லாத்துக்கு மாறியதையும் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். எங்கள் பெரம்பூர்க்காரர் பெரியார்தாசன், பச்சையப்பன் கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். 'கருத்தம்மா' படத்தில் அப்பாவாக வருவாரே, அவர்தான். பௌத்தத்துக்கும் போய்வந்து, 2010இல் இஸ்லாத்தை ஏற்று அப்துல்லாஹ் ஆனார். அன்றைக்கு எங்கள் ஆட்கள் சிலர் அவரைத் துரோகி என்றதும், உங்கள் ஆட்கள் சிலர் கோப்பை ஜெயித்ததுபோல் அவரைத் தூக்கிக்கொண்டு சுற்றியதும் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டுமே எனக்குக் கூச்சமாக இருந்தது. உங்கள் பள்ளிவாசல் பையன்கள் உங்களைத் தேடுவதும் கோப்பைக்காகத்தான் என்று தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் சொல்லாமல் போக முடியவில்லை. திரும்பி வந்த உங்களைக் கட்டிப்பிடிக்க ஊரே இருக்கிறது. இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து நாத்திகரான ஃபாரூக்கை 2017 மார்ச்சில் கோவையில் வெட்டிக் கொன்றார்கள். திராவிடர் விடுதலைக் கழகத் தோழர் அவர். ஆகவே விவாத மேடைக்கு என் நிபந்தனை ஒன்றுதான்: மம்மது என்றோ பாத்திமா என்றோ பெயருள்ள ஒருவர் எங்கள் பக்க நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டு, அன்று ராத்திரி ஷேர் ஆட்டோ ஏறித் தனியாக வீட்டுக்குப் போக முடிய வேண்டும். அதற்கு உறுதி தருவார்களா, கேளுங்கள். தந்தால் முதல் வரிசையில் வந்து உட்காருகிறேன்.

கல்மண்டபம் லாத்தா:

ஆம்பளைங்க டீக்கடையில கடவுள் இருக்காரா இல்லையான்னு பேசிட்டு வர்றதுக்குள்ள வீட்ல நாங்க கஞ்சி காய்ச்சி முடிச்சிருவோம். அது கெடக்கட்டும்.

மைக்செட் அண்ணே, எங்க அண்ணனும் இப்பிடித் திரும்பி வந்தவர்தான். உம்மா சந்தோசத்துல தெருவுக்கே நெய்ச்சோறு ஆக்கிப் போட்டாங்க. முத மாசம் அவர் தொழுதாரு. ரெண்டாவது மாசம் டிவி கனெக்சன கட் பண்ணாரு. மூணாவது மாசம் நான் எம்.சி. ரோட்ல வேலைக்குப் போறது ஹலாலான்னு என்னக் கேட்டாரு. அவர் தொழாம சுத்தின எட்டு வருசமும் அந்தச் சம்பளத்துலதான் வீடு ஓடுச்சு. நான் ஒரு வக்து தொழுககூட விட்டதில்ல, எனக்கு யாரும் நெய்ச்சோறு ஆக்கல.

நீங்க அப்பிடின்னு சொல்லல. ஆனா இவ்வளவு நீளமா எழுதியிருக்கீங்க, அதுல உங்க வீட்டம்மா எங்க? அவங்க என்ன சொல்றாங்க?

மைக்செட் பாய்:

லாத்தா, சரியான எடத்துல அடிச்சீங்க. போன்ல அவகிட்ட படிச்சுக் காட்டுனேன். அவ சொன்னது அப்பிடியே: "நீ தொழாதப்பவும் உன்கூடத்தான் இருந்தேன். மேடையில பேசி வீடியோல வந்தா, சண்டைக்கு வர்றவன் நம்ம வீட்டுக் கதவத்தான் தட்டுவான். அத யோசிச்சியா?" யோசிக்கல.

பெரம்பூர் தோழர், ஃபாரூக் பேர எழுதுனீங்க. அந்தச் சேதி வந்தப்ப நான் உங்க பக்கம். மூணு நாள் கடைய தொறக்காம உம்மா வீட்ல கெடந்தேன். எதுக்குன்னு உம்மா ஒரு வார்த்த கேக்கல. ராத்திரியில வழக்கமா போடுற தாழ்ப்பாளுக்கு மேல இன்னொண்ணு வாங்கியாந்து மாட்டச் சொன்னாங்க. நான்தான் மாட்டுனேன். அது இன்னும் கதவுல இருக்கு. உங்க நிபந்தனைய அந்தப் பசங்ககிட்ட அப்பிடியே சொன்னேன். ஒருத்தன் மட்டும் "நியாயம்தானே"ன்னான். மத்தவனுங்க செல்லப் பாத்தானுங்க. அதுலயே எனக்குப் பதில் கெடச்சிருச்சு.

மண்ணடி ஹஜ்ரத், நீங்க சொன்னபடி இமாம்கிட்ட போய் உக்காந்து பேசினேன். நாங்க ஷாஃபி. அதனால களா ஆரம்பிச்சிட்டேன். ஃபஜர்ல மட்டும் ரெண்டு களா சேத்துக்கறேன், அப்ப டீக்கடை தொறந்திருக்காது.

கூட்டாளிகிட்ட மேடை வேணாம்னு நேத்து சொன்னேன். பயந்துட்டியான்னு கேட்டான். அந்தப் புள்ள பேரச் சொல்லி ஒரு தடவ கை தட்டல் வாங்கிட்டேன், இன்னொரு தடவ வாங்க முடியாதுன்னேன். கொஞ்ச நேரம் டீ கிளாச உருட்டினு இருந்தான். அப்புறம் அந்த ரெக்கார்டிங் வெச்சிருக்கியான்னான். கடைக்குப் போயி பழைய மெமரி கார்ட தேடி எடுத்துப் போட்டோம். என் பேச்சுக்கு முன்னாடி ஒரு நாப்பது செகண்டு சும்மா ஓடும், சேர் இழுக்குற சத்தம், நாய் கொலைக்குற சத்தம். நடுவுல அவன் சித்தப்பா, அந்தப் புள்ளையோட அப்பா, "டேய் பாய், சவுண்டு பத்தல, ஏத்துடா"ன்னு கத்துறாரு. அவரும் போயி ஆறு வருசமாச்சு. அந்த நாப்பது செகண்ட மூணு வாட்டி கேட்டான். என் பேச்சு ஆரம்பிச்சதும் அவனே நிறுத்திட்டான்.

அத மட்டும் வெட்டி வாட்ஸப்புல அனுப்பிட்டேன்.

டீக்கடையில இன்னிக்கும் மடக்குனான், அது நிக்காது போல. இந்த செப்டம்பர் 17 கூட்டத்துக்கும் என் செட்டுதான் சொல்லியிருக்கான், நாலு ஹாரன், ரெண்டு பாக்ஸ். சாயங்காலம் மஃரிப் பாங்கு சொல்றப்ப சவுண்ட இறக்கிருவேன், அந்த அஞ்சு நிமிசம் அவன் சோடா குடிப்பான், வருசா வருசம் அப்பிடித்தான். போன வருச பாக்கியே இன்னும் நிக்குது, அதக் கேட்டா மட்டும் தத்துவம் பேசுவான்.